கோமுக் போகலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: செப்டம்பரில் நாங்கள் நான்கு பேர் கங்கோத்ரியிலிருந்து பனியாற்றின் முகப்பான கோமுக் வரை நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். "உருகுகிற பனியாற்றை நீங்களும் போய்க் கெடுக்கணுமா?" என்று மகள் கேட்கிறாள். போகலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் கேட்டது சரியான கேள்வி.

சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறு நீங்கள் நால்வர் நடப்பதால் உருகுவதில்லை. பூமி சூடாவதால் உருகுகிறது. 1935 முதல் 1996 வரை அதன் முகப்பு ஆண்டுக்குச் சுமார் 19 மீட்டர் வீதம் பின்வாங்கியது. இமயமலைப் பகுதி முழுவதற்கும் 2023இல் வந்த ஐசிமோட் (மலைப்பகுதிகளை ஆராயும் பன்னாட்டு அமைப்பு) அறிக்கை, 2011-2020இல் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்ததாகச் சொல்கிறது. இந்தச் சூட்டில் உங்கள் பயணத்தின் பெரிய பங்கு விமானத்தில்தான் இருக்கிறது. லீவு கிடைத்தால் டெல்லி வழியாக ஹரித்வார் வரை ரயிலில் போங்கள்.

மலையில் நாம் செய்கிற கெடுதல் வேறு மாதிரியானது. கூடாரங்களுக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் கவரையும் பாட்டிலையும் குவித்துக் கொளுத்துவதை நானே பார்த்திருக்கிறேன், பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்தக் கரி பனிமேல் படிந்தால், திரும்பிப் போகவேண்டிய வெயிலைப் பனி உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் சீக்கிரம் உருகும். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சமையல் எதில்? குப்பை எங்கே போகிறது? "கேஸ் அடுப்பு, குப்பையைக் கீழே கொண்டுவந்துவிடுவோம்" என்றால் அவரோடு போகலாம். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

விறகு வேண்டவே வேண்டாம். கோமுக் வழியில் தங்குமிடமான போஜ்பாசாவைச் சுற்றி இருந்த போஜ மரக் (இமயமலை பிர்ச்) காடு பெரும்பாலும் அடுப்புக்கே போய்விட்டது. அந்தக் குளிரில் ஒரு கன்று மரமாவதற்கு எத்தனையோ வருடம் ஆகும். மலையேற்ற வீராங்கனையும் பொருளாதாரப் பேராசிரியையுமான ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 1990களில் அங்கே போஜக் கன்றுகளை நட்டு வளர்க்கத் தொடங்கினார். வழியில் வேலி போட்ட இளமரங்களைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள்.

அனுமதிச் சீட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. கங்கோத்ரியே 3,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், உடம்பு பழக ஒரு நாள் அங்கே தங்கிவிட்டு நடங்கள்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வழியில் கழிப்பறை, மாதவிலக்கு இதற்கெல்லாம் என்ன செய்வது?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கூச்சமே வேண்டாம். மலைக்குப் போகிற எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. பாறைக்குப் பின்னால் விட்டது அடுத்த மழையில், கோமுக்கில் பிறந்து கங்கையாகிற பாகீரதியில் கலக்கும். கீழே உள்ள ஊர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. போஜ்பாசா தங்குமிடங்களில் கழிப்பறை உண்டு, காலையில் அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நடுவழியில் அவசரம் வந்தால், தண்ணீரிலிருந்து இருநூறு அடியாவது (சுமார் 60 மீட்டர்) தள்ளி, மண் இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். பேப்பரைப் புதைக்காதீர்கள், எடுத்து வந்துவிடுங்கள். வெட் வைப்ஸ் பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்தது, அதையும்தான். நாப்கினுக்கு ஒரு ஜிப் கவர், உள்ளே செய்தித்தாள், கொஞ்சம் பேக்கிங் சோடா; வாடை வராது. மென்சுரல் கப் பழகியிருந்தால் இன்னும் சுலபம். ஆனால் மலையில் போய் முதல் முறை முயற்சி செய்யாதீர்கள், வீட்டிலேயே ஓரிரு மாதம் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனி அதிகம் உருகினால் கங்கையில் தண்ணீர் கூடத்தானே செய்யும்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கொஞ்ச காலத்துக்குக் கூடும். பனியின் அளவு குறையக் குறைய அப்புறம் வரத்தும் குறையும். சமவெளியில் கங்கைக்குப் பருவமழைதான் பெரிய வரவு, அதனால் அங்கே ஆறு வற்றிவிடாது. மலைக் கிராமங்களின் நிலைமை வேறு. மழைக்கு முந்தைய கோடை மாதங்களில் பனிநீரை நம்பியிருப்பவர்கள் அவர்கள். குறைவு முதலில் அவர்களைத்தான் தாக்கும்.