கடைசிக் கட்டத்தில் சிப் குறைந்தால்: கேள்வி பதில்

போக்கர் டோர்னமென்ட் முடியும் தறுவாயில் ஷார்ட் ஸ்டாக்கோடு (குறைந்த சிப்போடு) எப்படி ஆடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நோ-லிமிட் ஹோல்டெம் (எவ்வளவு சிப்பையும் ஒரே தடவையில் கட்டக்கூடிய வகை), 9 பேர் மேஜை, ஆன்டி மேஜைக்கு மொத்தம் ஒரு பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஒவ்வொரு டீலிலும் இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடுவது பிளைண்ட்: ஒருவர் முழு பிக் பிளைண்ட், மற்றவர் அதில் பாதி. ஆன்டியும் அதுபோன்ற கட்டாயச் சிப்தான். கையிலுள்ள சிப்பை பிக் பிளைண்ட் கணக்கில்தான் எண்ணுவோம்.

கேள்வி: என்னிடம் 12 பிக் பிளைண்ட் இருக்கிறது. நல்ல கை வரும்வரை பொறுமையாக இருக்கலாம்தானே?

எதை நல்ல கை என்கிறீர்கள்? 10 ஜோடி, அதற்கு மேலுள்ள ஜோடிகள், ஏஸ்-கிங் ஆகியவை மட்டும்தான் என்றால், அப்படியொரு கை சராசரியாக 29 டீலுக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் மூன்று சுற்று ஓடிவிடும். சுற்றுக்கு 2.5 பிக் பிளைண்ட் போனால் மிஞ்சுவது 4.5. நடுவில் பிளைண்ட் ஏறினால் அதுவும் இல்லை. 4.5-ஐ மேஜையில் தள்ளினால் யார் பயப்படுவார்கள்? பிக் பிளைண்டில் இருப்பவர் ஏறக்குறைய எந்தக் கையோடும் கால் செய்வார் (அதே அளவு போட்டு மோதுவார்). எதிராளி ஃபோல்டு செய்யக்கூடும் (கையைக் கீழே போட்டு விலகக்கூடும்) என்பதுதான் ஷார்ட் ஸ்டாக்கின் பலம். அது இருக்கும்போதே ஷவ் செய்துவிடுங்கள் (மொத்தச் சிப்பையும் தள்ளிவிடுங்கள்).

கேள்வி: சரி, சுமாரான கையோடு ஷவ் செய்தால் கணக்கு எப்படி வரும்?

பட்டனில் (பிளைண்ட் போடும் இருவருக்கும் முந்தைய இடத்தில்) 10 பிக் பிளைண்டோடு இருக்கிறீர்கள், எல்லோரும் உங்கள் வரை ஃபோல்டு. நடுவில் கிடப்பது 2.5. கால் வந்தால் உங்கள் கைக்கு 35 சதவீத வாய்ப்புதான் என்றாலும், பாதித் தடவை ஃபோல்டு கிடைத்தால் நஷ்டமில்லை. இதனால்தான் ஒரே பூவில் (ஒரே சின்னத்தில்) 9-8 போன்ற கையும் எனக்குப் பிடிக்கும். ஏஸ்-கிங்கே எதிரில் வந்தாலும் அதற்குச் சுமார் 40 சதவீத வாய்ப்பு உண்டு. பூ சேராத ஏஸ்-3 பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதே ஏஸ்-கிங்கிடம் 30 கூடத் தேறாது.

கேள்வி: 9 பிக் பிளைண்டில் பிக் பிளைண்டைப் போல் இரண்டு மடங்குக்கு மட்டும் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) பார்க்கலாமா?

வேண்டாம். பிக் பிளைண்டில் இருப்பவர் திருப்பி ஆல்-இன் (மொத்தச் சிப்பும்) போட்டால், மீதி 7-ஐயும் கட்ட உங்களுக்கு 36 சதவீத வாய்ப்பு போதும். அதாவது பெரும்பாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அப்புறம் முதலிலேயே தள்ளியிருந்தால் என்ன?

கேள்வி: ஃபைனல் டேபிளில் 55 சதவீதம் ஜெயிக்கும் கையை ஃபோல்டு செய்யச் சொல்கிறார்கள். ஏன்?

இதைப் புரிந்துகொள்ளாமல் கடைசிக் கட்டத்தை ஆடவே முடியாது. மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சம அளவு சிப், பரிசு 50, 30, 20 என்று கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் பங்கும் இப்போது 33.33. நீங்கள் ஒருவரோடு ஆல்-இன் மோதி ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும், ஆனால் ஐசிஎம் (சிப்பைப் பரிசுப் பணத்தின் பங்காக மாற்றும்) கணக்கில் உங்கள் பங்கு 43.33-தான். தோற்றால் 20. ஆக 10 லாபத்துக்காக 13.33-ஐப் பணயம் வைக்கிறீர்கள். அதற்கு 57 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: விட்டுப்போன 3.33 சும்மா உட்கார்ந்திருந்த மூன்றாமவருக்குப் போய்விடுகிறது!

அதனால் முதலில் ஷவ் செய்பவருக்கு ஒரு நியாயம், கால் செய்பவருக்கு வேறு நியாயம். கால் செய்யும்போது ஃபோல்டால் ஜெயிக்கும் வழியே கிடையாது. எந்தக் கையைத் தைரியமாகத் தள்ளுவீர்களோ, அதே கையால் கால் செய்யத் தயங்குங்கள்.

கேள்வி: 15 முதல் 20 பிக் பிளைண்ட் வரை இருந்தால்?

ரீ-ஷவ் (ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகு அவர்மேல் ஷவ்) செய்ய அருமையான அளவு. பட்டனிலோ அதற்கு முந்தைய இடத்திலோ அடிக்கடி ரெய்ஸ் செய்பவரைக் குறிவையுங்கள். முதல் இடத்திலிருந்து ரெய்ஸ் செய்பவரிடம் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: பபுள் (இன்னும் சிலர் வெளியேறினால் மீதிப் பேருக்கெல்லாம் பரிசு என்ற கட்டம்). எனக்கு 4 பிக் பிளைண்ட். இருவருக்கு 1-தான் இருக்கிறது, அடுத்த பிளைண்ட் அவர்களுக்கு. பட்டனில் எனக்கு ஏஸ்-9 வந்திருக்கிறது, முன்னால் ஒருவர் ஆல்-இன்.

ஃபோல்டு. இரண்டு டீல் பொறுங்கள், அவர்கள் வெளியேறுகிறார்களா என்று பார்த்துவிட்டு ஆடுங்கள்.