அமெரிக்காவில் ஏலத்துக்கு முன்பே வீட்டை வங்கியிடம் ஒப்படைப்பது என்றால் என்ன?

தவணை கட்ட முடியாமல் போனவர், ஜப்தி, ஏலம் என்று போகுமுன் தானே வீட்டுப் பத்திரத்தை வங்கியின் பெயருக்கு எழுதிக்கொடுப்பதுதான் இது. ‘டீட் இன் லூ’ என்பார்கள். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகும்வரை காத்திராமல், “நகையை நீங்களே வச்சுக்கோங்க, கணக்கை முடிச்சிடுங்க” என்று கடைக்காரரிடம் சொல்வது மாதிரி.

வங்கிக்கு வழக்குச் செலவும் மாதக்கணக்கான இழுத்தடிப்பும் மிச்சம். வீடும் சேதமில்லாமல் கைக்கு வரும். ஆனால் வீட்டின் மேல் இரண்டாவது கடன் இருந்தால் பெரும்பாலும் மறுத்துவிடும். ஏலம் போனால் பின்வரிசைக் கடன்களின் பிடி வீட்டைவிட்டுப் போய்விடும்; இப்படி எழுதி வாங்கினால் அவையும் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கவனிக்க வேண்டிய இடம் மீதித் தொகை. கடன் 3,00,000 டாலர், வீட்டின் மதிப்பு 2,60,000 என்று வையுங்கள். மீதி அந்த 40,000 தள்ளுபடி என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பல மாநிலங்களில் பிறகு வசூலிக்க வரலாம். தள்ளுபடியான தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வந்து, வருமான வரியும் விழலாம். வீடு மாறும் செலவுக்குப் பணம் தருவார்களா என்றும் கேளுங்கள், சிலர் தருவதுண்டு.

வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி அடுத்த வீட்டுக்கடனுக்குப் பொதுவாக 4 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏலம் போயிருந்தால் 7.

சாவியைக் கொடுத்துவிட்டாலே வீடு கைமாறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அதை வங்கி ஏற்றுக்கொள்ளும்வரை வீடும் சொத்துவரியும் உங்கள் பெயரில்தான்.