அமெரிக்காவிடம் 8-0 தோற்ற பெண்கள் கால்பந்து அணி இப்போது ஆசியக் கோப்பைக்குப் போகிறது: நிஜ வளர்ச்சியா? மகளை நம்பி ஆட விடலாமா?

கேள்வி கேட்டவர் அநேகமாக என்னைப் போல ஒரு அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். 2022 உலகக் கோப்பையில் எட்டு கோல் வாங்கிய 17 வயதுக்குட்பட்ட அணி மூன்றே வருடத்தில் எப்படி மேலே வந்தது, இதை நம்பி மகளை ஆட விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எட்டைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அந்த எட்டுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

நான் கோச் இல்லை, பி.டி. மாஸ்டர் இல்லை, பந்தை ஒழுங்காக உதைத்தவனும் இல்லை. சோமனூர்ப் பக்கம் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்குக் காடா (சாயம் போடாத துணி) ஓட்டுகிறவன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று மகள்தான் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அதனால் 'உனக்கு என்ன தெரியும்' என்று யாரும் வர வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

2022 அக்டோபர் 11 ராத்திரி புவனேஸ்வரில் ஆட்டம். அப்போது பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது படித்தாள். வீட்டில் எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தது அவள்தான். அதற்கு மூன்று வருடம் முன்னால், 2019 மார்ச்சில், என் மச்சான் அவளைக் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 ஜெயித்து ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியின் பட்டம் வாங்கிய ஆட்டம் அது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சரி, டிவிக்கு வருகிறேன். பாதி ஆட்டத்துக்கே அமெரிக்கா 5-0. நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னும் மூணு வாங்குனாங்கன்னா நம்ம தறிக்கணக்குக்குச் சரியாப் போயிரும்" என்றேன். என் ஆத்தா முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். வாய் முகூர்த்தம், அதே மூன்று விழுந்தது. எட்டாவதைப் போட்ட மியா பூட்டா இந்திய வம்சாவளிப் பெண். அதையும் விடாமல் ஒரு கேலி பண்ணினேன். பாப்பா ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0. மூன்று ஆட்டத்தில் பதினாறு வாங்கி ஒன்றும் போடவில்லை. 'எட்டுத் தறி' நகைச்சுவையை ஒரு வருடம் டீக்கடையில் ஓட்டினேன். என் மகள் காதுக்கும் அது போயிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

இனி அந்தப் பிள்ளைகள் பக்க நியாயம். நாம் தகுதிச் சுற்று ஆடி அந்த உலகக் கோப்பைக்குப் போகவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம். முதலில் 2020இல் நடப்பதாக இருந்தது. கொரோனாவில் ரத்தாகி, அதற்காகத் தயாரான பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டது, புதிதாக ஆள் சேர்க்க வேண்டி வந்தது. கடைசியில் 2022 ஆகஸ்ட்டில், போட்டிக்கு இரண்டு மாதம் கூட இல்லாதபோது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நம் கால்பந்துக் கூட்டமைப்பையே சஸ்பெண்ட் செய்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் தடை நீங்கியது என்றாலும், சொந்த ஊரில் நடக்கும் போட்டியே கைவிட்டுப் போகுமோ என்ற நிலையில்தான் அவர்கள் பயிற்சி எடுத்தார்கள். அணியின் கேப்டன் அஷ்டம் ஓராவ்ன், ஜார்கண்டில் கும்லா மாவட்டத்துப் பெண். அவர் பெயரைச் சொல்லி அவர் ஊருக்கு ரோடு போட்டார்கள், அந்த ரோட்டு வேலையில் அவருடைய அப்பா அம்மாவே கூலிக்கு மண் சுமந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அதைப் படித்த பிறகும் டீக்கடை நகைச்சுவையை நான் நிறுத்தவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது 2025க்கு வருவோம். ஜூலையில் பெரியவர்கள் அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்ட்டில் 20 வயதுக்குட்பட்ட அணி யாங்கோனில் மியான்மரை 1-0 ஜெயித்தது, அந்த வயது ஆசியக் கோப்பையில் நமக்கு இருபது வருடத்துக்குப் பிறகு கிடைத்த இடம் அது. அக்டோபரில் கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில், நீங்கள் கேட்கும் 17 வயதுக்குட்பட்ட அணி. முதலில் கிர்கிஸ்தானை 2-1. அடுத்து 17ஆம் தேதி உஸ்பெகிஸ்தானோடு முதல் பாதியில் ஒரு கோல் பின்னால். கோச் யோகிம் அலெக்சாண்டர்சன் இடைவேளைக்குக் கூடக் காத்திருக்காமல் தாண்டமோனி பாஸ்கேயை இறக்கினார். 55ஆவது நிமிடம் அந்தப் பெண்ணே சமன் செய்தாள், 66ஆவது நிமிடம் அவள் கொடுத்த பந்தில் அனுஷ்கா குமாரி அடித்தாள், 2-1 ஜெயித்து ஆசியக் கோப்பைக்கு இடம். இந்த முறை யாரும் இடத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை, ஆடி வாங்கியது.

இது எப்படி என்றால், என் அறிவுக்கு எட்டிய வரை விஷயம் ஒன்றுதான்: மேட்ச். பிஷ்கெக்குக்கு முன்னால் ஆகஸ்ட்டில் பூடானில், திம்புவில், தெற்காசியப் போட்டி நடந்தது. நான்கு நாடுகள், ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை. ஆக ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டம். கடைசி ஆட்டத்தில் வங்கதேசத்திடம் 4-3 தோற்றும் கோப்பை நமக்கு, அதற்குள் புள்ளிகள் சேர்ந்துவிட்டன. என் மகளுக்கு ஆச்சரியம் கோப்பை இல்லை. "தோத்தும் ஆட்டம் முடியல பாருங்கப்பா" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை.

அவளுடைய வருடம் எப்படிப் போகும் தெரியுமா? பள்ளிகளுக்குள் வட்டார அளவில் நடக்கும் ஜோனல் போட்டி என்று ஒரு நாள். நாக்-அவுட். காலையில் ஏழு மணிக்கு வேன் ஏறி, வெயிலில் மதியம் வரை காத்திருந்து, ஒரு ஆட்டம் ஆடித் தோற்றால் அந்த வருடக் கால்பந்து அதோடு சரி. ஜெயித்தால் வருவாய் மாவட்ட அளவிலான போட்டி, அங்கேயும் அதே கதை. எட்டாவதில் அவள் வருடம் முழுக்க ஆடிய மேட்ச் இரண்டு. ஒன்பதாவதில் நான்கு. பதினொரு பேர் சேராமல் கபடி டீமிலிருந்து இரண்டு பேரைக் கடன் வாங்கினார்கள். ஒருத்தி பந்து வந்தால் பிடிக்கத்தான் போனாள், அவளையே கோல் கீப்பர் ஆக்கிவிட்டார்கள். வருடம் முந்நூறு நாள் பயிற்சி, நான்கு மேட்ச். ஒரு பாவு பிணைத்துவிட்டு நான்கு மீட்டர் ஓட்டி நிறுத்தினால் தறிக்காரன் என்ன ஆவான்?

நானே அவள் ஆடிப் பார்த்தது இந்த வருடம்தான், அதுவும் ஸ்ட்ரைக் புண்ணியத்தில். மார்ச் மாதம் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை நிறுத்தினோம், ஏறக்குறைய ஒரு மாதம் ஓடவில்லை. அதுவரை வெடியால அவளை எக்ஸ்எல்லில் வைத்துக் கொண்டுபோய் விட்டதெல்லாம் வீட்டுக்காரிதான். தறி நின்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது (தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும்). "நீங்களாவது கொண்டு போய் உடுங்க" என்றாள். போனேன்.

ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற இடத்தில் ஆடுகிறாள். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் காதில் விழாதது போலப் போகிற பிள்ளை, மைதானத்தில் பத்துப் பேரைக் கத்தி நிறுத்திக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் ஆளைப் பாருடீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் நானே இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்ட்ரைக் முடியும் வரை தினமும் போனேன்.

இதற்குப் பிறகுதான் என் தப்பு. மே மாதம் ஒரு தேர்வு முகாம், பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். வயதுப் பிரிவு ஆட்டம் என்றால் எல்லாமே பிறந்த தேதிதான். 17 வயதுக்குட்பட்டோரின் 2026 ஆசியக் கோப்பைக்கே 2009 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான் ஆட முடியும். பாப்பா 2010 ஜூலை. பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்தால் பெயர் இருக்கும் இடம் காலி. பிறந்தபோது பெயர் வைக்கவில்லை, பதிவு மட்டும் நடந்தது. அப்புறம் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்ட 'அப்புறம்' பதினான்கு வருடம், பத்து மாதம். பதினைந்து வருடத்துக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்ற விதியையே அந்த வாரம்தான் கேள்விப்பட்டேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். சர்வர் இல்லை, ஆள் லீவு, பள்ளிக் கடிதம் வேண்டும், கடிதத்தில் இனிஷியல் தப்பு. நான்காவது தடவை அங்கிருந்தவர், "ஸ்போர்ட்ஸுக்குத்தானுங்க? அதுக்கென்ன இத்தனை அவசரம்" என்றார். அவரை என்ன சொல்ல? மூன்று வருடம் முன்னால் நானே சொல்லியிருக்கக்கூடிய வசனம்தான் அது. சான்றிதழ் ஜூனில் வந்தது. முகாம் மே மாதமே முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. "அடுத்த வருசம் இருக்குதுப்பா" என்றாள்.

ஆகவே கேள்வி கேட்டவர் முதலில் பீரோவைத் திறந்து மகளின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பூட்ஸ் அப்புறம் வாங்கலாம்.

இன்னொன்று, கேட்காத கேள்விக்குப் பதில் என்று நினைத்தாலும் பரவாயில்லை. மைதானம். எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு மேல் வாக்கிங் போகிறவர்கள் ராஜ்யம். பெரியவர்கள், உடம்புக்கு நடக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நாளைக்கு எனக்கும் சர்க்கரை வந்தால் அங்கேதான் நடப்பேன். ஆனால் மைதானத்தைச் சுற்றி நடக்காமல் ஏன் குறுக்கே நடக்கிறார்கள்? ஒரு நாள் பந்து ஒருவர் காலில் பட்டது, மேலே கூட இல்லை, செருப்பில். அதற்கு மனு எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை பந்து ஆடக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். ஏழு மணிக்கு மேல் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். பொழுதோட போனால் பையன்கள் கிரிக்கெட். நடுவில் ரோலர் போட்டு பிட்ச் வைத்திருக்கிறார்கள், அதில் ஸ்டட்ஸ் போட்டுக் கால் வைத்தால் சண்டை. இப்போது பெண் பிள்ளைகள் ஐந்து மணிக்கு இருட்டில் போய், ஒரு தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலையில் ஆறு மணி வரை ஆடுகிறார்கள். இந்தியா ஏன் உலகக் கோப்பை வாங்கவில்லை என்று அதே வாக்கிங் கூட்டம் ஏழரைக்கு டீக்கடையில் பேசும். எல்லா ஊரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, உங்கள் ஊர் நல்ல ஊராக இருக்கலாம்.

சொந்தக்காரர்கள் விஷயமும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர், "பொட்டப்புள்ளைக்குக் கால்ல அடிகிடி பட்டா நாளைக்கு யாருங் கட்டுவாங்க" என்றார். பதில் சொல்லி மாளாது. அரை டவுசர் பேச்சு கிளம்பியபோது மட்டும் வீட்டுக்காரி உள்ளே முழுக்கால் லெகின்ஸ் போட்டு விட்டாள், பேச்சு நின்றது. 'அது அடிமைத்தனம்' என்று கமெண்டில் பாடம் எடுக்க வருபவர்கள் எங்கள் வளவுக்கு ஒரு நடை வந்து பெரியப்பாவோடு பேசிப் பாருங்கள்.

வேலை கிடைக்குமா என்பது நம் பக்கத்து முதல் கேள்வி, வெட்கமில்லாமல் கேட்போம். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டுக்கு மூன்று சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது. ஆனால் அந்த மூன்று சதவீதத்தை நம்பி பத்தாவது புத்தகத்தை மூடி வைக்க விடாதீர்கள். என் மகள் இந்த வருடம் பத்தாவது. மார்ச் வரை காலை ஒரு மணி நேரம் மட்டும் பந்து, பாக்கி நேரம் கணக்கு என்று உடன்படிக்கை. கணக்கில் அவள் வாங்கும் மார்க்கைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

நம் அணி ஜப்பான், வட கொரியா பக்கத்தில் போய்விட்டதா என்றால் இல்லை. வட கொரியப் பிள்ளைகள் 2024, 2025 இரண்டு வருடமும் இந்த வயதில் உலகக் கோப்பையே வாங்கியவர்கள். நாம் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்திருக்கிறோம், அவ்வளவுதான். அங்கே போய் மறுபடி நான்கு, ஐந்து வாங்கினாலும் வாங்குவோம். அப்போது இந்தப் பதிலை எடுத்து வந்து எனக்குக் காட்டாதீர்கள். மகளை விடுங்கள், ஆடட்டும். ஆனால் சேர்க்கும் இடத்தில் கேட்க வேண்டியது ஃபீஸ் எவ்வளவு என்பதற்கு முன்னால், வருடத்துக்கு எத்தனை மேட்ச் என்பதை.

பிஷ்கெக் ஆட்டத்தன்று ராத்திரி நான் தறிக்குடோனில் இருந்தேன். தீபாவளிக்கு மூன்று நாள், ஆள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், நானே நாடா மாற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா போனைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று ஏதோ கத்தினாள். எட்டுத் தறி ஓடும் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றாக எட்டையும் நிறுத்தினேன். "ரெண்டுக்கு ஒண்ணுப்பா!" என்றாள்.

தறிச் சத்தம் நின்றதில் ஆத்தா எழுந்து வந்துவிட்டார். "என்னடா, கரண்டு போயிருச்சா?"

"கரண்டு இல்லீங்காத்தா, கோலு."

"அடப்பாவமே. மறுக்கா எட்டா?"