உச்சி வானமும் சுழலும் படமும்: கேள்வி பதில்

அண்ணாச்சி, அல்ட்-அஸிமத் மவுண்டில் (மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் டெலஸ்கோப் தாங்கி) படம் எவ்வளவு சுழலும் என்று எப்படிக் கணக்கிடுவது? (பாளையங்கோட்டை)

இந்தத் தாங்கி நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்தாலும் கேமராவில் படம் மையத்தைச் சுற்றித் திரும்பும். மணிக்கு இத்தனை டிகிரி என்பது: 15.04 × அட்சரேகையின் கொசைன் × திசைக்கோணத்தின் கொசைன் ÷ உயரக்கோணத்தின் கொசைன். திசைக்கோணத்தை வடக்கிலிருந்து அளக்க வேண்டும். திருநெல்வேலி 8.7 டிகிரியில் இருப்பதால் முதல் இரண்டையும் பெருக்கினால் 14.87.

ஓரியன் நட்சத்திரக் கூட்டத்திலுள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே உச்சத்தில் 76 டிகிரி உயரம் வரும். அங்கே மணிக்குச் சுமார் 61 டிகிரி சுழற்சி. 30 நொடி எக்ஸ்போஷரில் அரை டிகிரி. மையத்திலிருந்து 2000 பிக்சல் தள்ளியிருக்கும் நட்சத்திரம் 18 பிக்சல் இழுபடும். அதே நெபுலா கிழக்கே 30 டிகிரியில் நிற்கும்போது மணிக்கு 3.4 டிகிரிதான், இழுபடுவது ஒரு பிக்சல்.

ஒரு மார்கழி இரவு மொட்டைமாடியில் நெபுலா தலைக்கு மேல் வரட்டும் என்று காத்திருந்து எடுத்தேன். நடுவில் நட்சத்திரங்கள் கடுகு மாதிரி உருண்டை, மூலைகளில் நகக்கீறல் மாதிரி வளைவு. உச்சிப் பக்கம் போகாதீர்கள். நம் ஊருக்குக் கிழக்கு வானம்தான் வரம். மேற்கே பொதிகை மறைத்துவிடும்.

டெலஸ்கோப்பில் நிலா தலைகீழாகத் தெரிகிறதே, இதுதான் சுழற்சியா?

இல்லை. அது கண்ணாடியும் லென்சும் செய்கிற வேலை.

ஈக்வடோரியல் (ஓர் அச்சைத் துருவத்தை நோக்கி வைத்து வானத்தோடு சுழலும் மவுண்ட்) வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா? (தென்காசி)

அச்சு துருவத்தை நேராகப் பார்த்தால் தீர்ந்தது. இங்கே துருவ நட்சத்திரம் 8.7 டிகிரி உயரத்தில்தான். பனைமரத் தலையும் தூசியும் மறைக்கும். அச்சு கொஞ்சம் பிசகினாலும் வழிகாட்டும் நட்சத்திரத்தைச் சுற்றிப் படம் மெல்லத் திரும்பும். பல மவுண்ட்களில் அச்சின் சாய்வை மாற்றும் திருகு இவ்வளவு தாழ்வாக இறங்காது. டெலஸ்கோப்பைச் சமன்செய்யும் எடைக்கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். காசு கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

பல ஃப்ரேம்களை அடுக்கி ஒரே படமாக்கும் ஸ்டாக்கிங் மென்பொருள் திருப்பிக்கொள்ளுமே, எதற்கு இந்தக் கணக்கு? (அம்பாசமுத்திரம்)

ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையிலுள்ள திருப்பத்தை அது சரிசெய்யும். ஒரே ஃப்ரேமுக்குள் இழுபட்டதை எந்த மென்பொருளும் மீட்காது.

நான் உச்சியிலேயே 5 நொடி வீதம் 400 எடுக்கிறேன். ஒரு கீறலும் இல்லை! (அதே அம்பாசமுத்திரம்)

மூலை 2000 பிக்சலில் இருந்தால் மூன்று பிக்சல் இழுபட்டிருக்கும். உங்கள் சென்சார் சிறிதாக இருக்க வேண்டும். 600 பிக்சல் என்றால் ஒன்றுகூட வராது. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 400 ஃப்ரேம் எடுக்க அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் படம் 30 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கும். சேர்த்த பிறகு நான்கு மூலையிலும் எவ்வளவு வெட்டினீர்கள் என்று பாருங்கள்.

உச்சியில் ஒரு நிமிடம் கொடுக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். உச்சி வேண்டாம்.

டாப்சனில் (எளிய அல்ட்-அஸிமத் தாங்கியில் நிற்கும் டெலஸ்கோப்) கண்ணால் பார்க்கிறேன், எனக்கும் இதெல்லாம் உண்டா?

படம் சுழலும், ஆனால் கண்ணுக்கு உறைக்காது. நிம்மதியாகப் பாருங்கள்.

காவலூர் வானாய்வகத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி குதிரைலாட வடிவ ஈக்வடோரியல் தாங்கியில் நிற்கிறது. அதனால் இந்தத் தொல்லை இல்லை.

தென்சிலுவை? (வள்ளியூர்)

நல்ல கேள்வி, தம்பி. உச்சத்திலேயே அது 21 டிகிரிதான். மணிக்கு 16 டிகிரி சுழற்சி. அதே 2000 பிக்சல் தள்ளி 10 நொடிக்கு ஒன்றரை பிக்சல், தாராளமாக எடுக்கலாம். மே நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில், தெற்கே வெளிச்சமில்லாத வயல்வரப்பாகப் பார்த்து நில்லுங்கள்.