ஊசிக்குத்துக்கு ஆளானவர் கேட்டால் நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்க நீதிமன்றம் ஆணையிடுமா?

கேள்வி: என் மகள் மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஒன்பது நாள்களுக்கு முன் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்தபோது, அவர் கையை வெடுக்கென்று இழுத்ததில் அந்த ஊசி இவள் விரலில் ஆழமாகக் குத்திவிட்டது. அன்றிரவே எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். குமட்டலில் அவளால் சாப்பிட முடியவில்லை. அந்த நோயாளியோ பரிசோதனைக்கு மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கனடாவில் சட்டப்படியே கட்டாயப்படுத்தலாம் என்கிறான் அங்கிருக்கும் என் தம்பி. நாங்கள் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகி, தாராவி

பதில்: தம்பி சொல்வது ஒன்டாரியோ மாகாணத்துக்குப் பொருந்தும். கட்டாய ரத்தப் பரிசோதனைக்கென்றே அங்கு 2006இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அங்கும் விண்ணப்பம் முதலில் பொதுச் சுகாதார அதிகாரியிடம் போய், நோயாளி இணங்காதபோதுதான் ஒரு வாரியத்தின் முடிவுக்கு வருகிறது.

நம் நாட்டில், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017இன் 5ஆம் பிரிவின்படி, ஒருவர் விவரங்களைப் புரிந்துகொண்டு தரும் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது. 6ஆம் பிரிவு இதற்குச் சில விலக்குகள் தருகிறது. அவற்றுள் ஒன்று நீதிமன்ற ஆணை. ஆனால், தன் முன் உள்ள வழக்கின் பிரச்சினையைத் தீர்மானிக்கப் பரிசோதனை அவசியம் என்று நீதிமன்றம் கருதினால்தான் அந்த ஆணை வரும். ஊசி குத்தியது என்ற ஒரே காரணத்துக்காக நோயாளியின் ரத்தத்தைக் கேட்டுத் தனியாக ஒரு மனு போட்டால், அது நிற்பது கடினம் என்பதே என் கருத்து. நின்றாலும், ஆணை கைக்கு வருவதற்குள் மகளின் 28 நாள் மாத்திரை முடிந்திருக்கும். ஏற்கெனவே எடுத்த ரத்தத்தை யாருக்கும் தெரியாமல் லேபுக்கு அனுப்புவதும் அதே 5ஆம் பிரிவை மீறுவதுதான். யாராவது அந்த யோசனையைச் சொன்னால் மகள் அதற்கு உடன்பட வேண்டாம்.

நோயாளியிடம் மீண்டும் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. மகள் பேசாமல், மருத்துவமனையின் ஆலோசகர் பேசட்டும். செலவை நிர்வாகம் ஏற்கும், முடிவு வெளியே போகாது என்று சொன்னால் பலர் மனம் மாறுகிறார்கள்.

எச்.ஐ.வி. உள்ள ரத்தம் தோய்ந்த ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய் உள்ளவரின் ரத்தமென்றால், அதற்கான தடுப்பூசி போடாதவருக்கு அந்நோய் தொற்றும் வாய்ப்போ 30 சதவீதம் வரை போகலாம். எல்லோரும் எச்.ஐ.வி.யையே நினைத்துக் கலங்குகிறோம். மகள் அந்தத் தடுப்பூசியை முழுமையாகப் போட்டிருக்கிறாரா, எதிர்ப்பாற்றல் போதுமான அளவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பு மருந்து இல்லை. ஆனால் தொடர் பரிசோதனையில் கண்டுபிடித்தால் இப்போதுள்ள மாத்திரைகளால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

குமட்டலுக்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரிடம் சொன்னால் வழி சொல்வார்.

உங்கள் மகள் உரிமையோடு கேட்க வேண்டியது நிர்வாகத்தை. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, பாதுகாப்புச் சாதனங்களையும் பயிற்சியையும் தடுப்பு மருந்தையும் ஊழியருக்குத் தரவேண்டிய கடமையை நிர்வாகத்தின்மீது சுமத்துகிறது. விபத்து நடந்த நாள், நேரம், விதம் ஆகியவற்றை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். சம்பவத்தையொட்டி மகளுக்கு எடுத்த முதல் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால், தொற்று அதற்கு முன் இல்லை என்று காட்டுவது அந்தத் தாள்தான்.