ரெயின் கட்டர்: காசை எங்க போடணும், எங்க மிச்சம் பிடிக்கலாம்? (கேள்வி-பதில்)

கூரை ஓரத்துல மாட்டுற ரெயின் கட்டர் (பீலினும் சொல்வாங்க) பத்தி வந்த கேள்விகளை சேர்த்து வெச்சு பதில் சொல்றேன். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணாக்கிட்டேன்.

கேள்வி: சார், பிவிசி போடலாமா, அலுமினியமா, இல்ல ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகரமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது. எது ரொம்ப நாள் உழைக்கும்?

பதில்: எல்லாருமே முதல்ல இதைத்தான் கேக்குறீங்க, ஆனா இது மூணாவதா நாலாவதா கேக்க வேண்டிய கேள்வி. தொங்கிப்போன கட்டரை கழட்டிப் பாத்தா முக்காவாசி நேரம் மெட்டீரியல் அப்படியே நல்லாத்தான் இருக்கும், பிராக்கெட் (கட்டரைத் தாங்குற கொக்கி) தூரம் தூரமா அடிச்சிருப்பாங்க, இல்ல தண்ணி இறங்குற பைப் பத்தாது. மூணுமே ஒழுங்கா மாட்டினா உழைக்கும். மூணுக்கும் தனித்தனி குணம் இருக்கு, அதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

பிவிசி துரு பிடிக்காது, கனம் இல்ல, ஆக்ஸா பிளேடு வெச்சே வெட்டிடலாம், சொந்தமா மாட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இதுதான் சுலபம். வெயில்ல வருஷக்கணக்கா காய்ஞ்சா வெளிறி மொறுமொறுனு ஆயிடும், அதனால யூவி தாங்குற கட்டர்னு பாத்து வாங்குங்க, வீட்டுக்குள்ள ஓடுற சாதா பைப்பை நெடுக்கால பிளந்து மாட்டுற வேலை வேண்டாம். இன்னொரு விஷயம், சூட்டுல இது நல்லா நீளும். 6 மீட்டர் துண்டு 30 டிகிரி வித்தியாசத்துல 11, 12 மில்லிமீட்டர் கிட்ட நீளுது, அதே நீளம் அலுமினியம் 4 மில்லிமீட்டர், இரும்புத் தகரம் 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதான் பிவிசி ஜாயின்ட்ல உள்ள ஒரு கோடு போட்டிருப்பான், துண்டோட முனை அந்தக் கோடு வரைக்கும்தான் வரணும், மிச்ச இடம் நீளுறதுக்கு. அதை கவனிக்காம இறுக்கித் தள்ளி கம் வேற போட்டு ஒட்டினா முதல் கோடையிலயே நடுவுல நெளிஞ்சு மேல எழும்பும்.

அலுமினியம் வாங்கினா தடிமன் கேளுங்க, 0.7 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா ஏணி சாத்தினாலே குழி விழுந்துடும், 0.8 கிடைச்சா நல்லது. இதுல சீம்லெஸ்னு ஒண்ணு இருக்கு, மெஷினை வீட்டுக்கே கொண்டு வந்து சுருள் தகட்டுல இருந்து உங்க கூரை நீளத்துக்கு ஒரே துண்டா இழுத்துக் குடுப்பாங்க. மூலையிலயும் அவுட்லெட்லயும் (தண்ணி பைப்புக்கு இறங்குற வாய்) தவிர வேற ஜாயின்ட்டே இருக்காது, கூரை நீளமா இருக்குறவங்க இதுக்கு கொஞ்சம் கூட செலவு பண்றதுல தப்பே இல்ல. ஜிஐ நல்ல வலு, ஆனா வெட்டின ஓரமும் துளை போட்ட இடமும்தான் முதல்ல துருப்பிடிக்கும், வேலை முடிஞ்ச அன்னைக்கே அந்த இடங்கள்ல துத்தநாக பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க. மேல் கூரையில செம்புத் தகடு இருந்து அதுல வழியுற தண்ணி அலுமினியத்துலயோ ஜிஐலயோ விழுந்தா சீக்கிரமே அரிச்சு ஓட்டை விழும், அந்தக் கூட்டணி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்க வீட்டு கூரை ஒரு பக்கம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 4 இஞ்ச் போதும்னு கடைக்காரர் சொல்றாரு, போதுமாண்ணா?

பதில்: கணக்கு போட்டுப் பாத்துடலாம் வாங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர் தண்ணி. உங்களுக்கு 60 சதுர மீட்டர். அடிச்சு ஊத்துற மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல வருதுனு வெச்சுக்கோங்க (ஒரு மணி நேரம் முழுக்க பெய்யணும்னு இல்ல, பத்து நிமிஷம் அந்த வேகத்துல ஊத்தினாலே போதும் கட்டர் வழிய), அப்ப மணிக்கு 6000 லிட்டர், நிமிஷத்துக்கு 100 லிட்டர். 15 லிட்டர் வாளியால நிமிஷத்துக்கு ஆறேழு வாளி தண்ணியை ஒருத்தர் நிறுத்தாம அந்தக் கட்டருக்குள்ள கொட்டிட்டே இருக்குற மாதிரி. ஒரே ஓரத்துல ஒரே ஒரு பைப் வெச்ச 4 இஞ்ச் கட்டருக்கு அது ஜாஸ்தி. 5 இல்ல 6 இஞ்ச் பாருங்க.

அகலத்தை மட்டும் ஏத்திட்டு விட்டுடாதீங்க, தண்ணி இறங்குற வழிதான் நிஜமான கழுத்து. ஓரத்துல இருக்குற அவுட்லெட்டை நடுவுக்கு மாத்தினாலே அதே கட்டர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூரையோட தண்ணியை சமாளிக்கும், ஏன்னா ரெண்டு பக்கமும் பாதிப் பாதி தூரம்தான் ஓடி வரணும். டவுன் பைப்புக்கு பழைய கைக்கணக்கு ஒண்ணு உண்டு, 100 சதுர அடி கூரைக்கு பைப்போட வாய் ஒரு சதுர இஞ்ச். உங்க 60 சதுர மீட்டர்ங்கறது 645 சதுர அடி, 3 இஞ்ச் உருளை பைப்போட வாய் 7 சதுர இஞ்ச்தான், ஆக மட்டுமட்டாத்தான் வருது. இலை ஒண்ணு அடைச்சாலே முடிஞ்சுது கதை. 4 இஞ்ச் பைப்ல பன்னெண்டரை வருது, நான் அதைத்தான் சொல்வேன், இல்லனா 3 இஞ்ச்லயே ரெண்டு இறக்குங்க. பொதுவா 10, 12 மீட்டர் கட்டருக்கு ஒரு பைப் கட்டாயம்.

கம்பெனி கட்டலாக்ல ஒவ்வொரு சைஸுக்கும் நொடிக்கு எத்தனை லிட்டர்னு போட்டிருப்பான். உங்க நூறு லிட்டரை 60ஆல வகுத்தா நொடிக்கு 1.7 லிட்டர் வருது, அதை வெச்சு கடைக்காரர்கிட்ட பேசுங்க, 'போதும் சார்'ங்கற பேச்சு அப்புறம் வராது.

கேள்வி: மாட்டுறவர் கொட்டேஷன்ல 'கட்டர் வேலை, மீட்டருக்கு இவ்வளவு'னு ஒரே வரிதான் இருக்கு. நான் என்னென்ன கேக்கணும்?

பதில்: ஒரே வரி கொட்டேஷன்ல கையெழுத்து போடாதீங்க. தடிமன், பிராக்கெட் இடைவெளி, எத்தனை டவுன் பைப், பைப் சைஸ், எண்ட் கேப் (முனை மூடி), மூலைத் துண்டு, எல்போ (பைப் வளைவு) எல்லாம் மீட்டர் ரேட்டுக்குள்ள வருதா தனியா வருதா, பழசை கழட்டி எடுத்துட்டுப் போறது யாரு, இவ்வளவும் எழுத்துல வரணும். எல்போவுக்கும் எண்ட் கேப்புக்கும் தனித்தனியா பில் போட்டு கடைசியில தொகை வீங்குறது இந்த வேலையில சகஜம்.

இதுல பிராக்கெட்டைத்தான் கறாரா பேசணும். 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, மழை பலமா அடிக்குற இடம்னா 45க்கு ஒண்ணு. ஏன் இவ்வளவு நெருக்கம்னு கேப்பாரு. 6 இஞ்ச் அரைவட்டக் கட்டர் 10 மீட்டர் நீளத்துக்கு அடைச்சுகிட்டு நிறைஞ்சு நின்னா தண்ணி மட்டுமே 90 கிலோ கிட்ட, ஒரு ஆள் ஏறி படுத்திருக்குற கனம் அது. பிராக்கெட்டை ஆணியால அடிக்காம ஸ்க்ரூ போடச் சொல்லுங்க, அலுமினியத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, வெறும் இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். பின்னாடி இருக்குற பலகை உளுத்துப் போயிருந்தா முதல்ல பலகையை மாத்துங்க, உளுத்த பலகையில எந்த ஸ்க்ரூவும் நிக்காது.

வாட்டம் எவ்வளவுனு கேளுங்க. 3 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் இறக்கம் போதும், 10 மீட்டருக்கு 20. நூல் கட்டி, டியூப் லெவல் (மட்டம் பாக்க தண்ணி நிரப்பின டியூப்) பிடிச்சுப் பாத்து மாட்டினாதான் அது வரும், கண்ணால பாத்து 'சரியா இருக்கு சார்'னு சொல்றது கணக்குல வராது. வாட்டம் அதிகமா குடுத்தா தண்ணி சீக்கிரம் போகும்னு சிலர் இழுத்து இறக்குவாங்க, அப்படி செஞ்சா பைப் இருக்குற முனையில கூரை ஓரத்துக்கும் கட்டருக்கும் இடைவெளி பெருசாகி காத்தடிச்சா தண்ணி வெளிய சிதறும்.

மிச்சத் தொகை குடுக்குறதுக்கு முன்னாடி தூர முனையில ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க. பத்து நிமிஷம் கழிச்சு உள்ள விரல் வெச்சுப் பாருங்க. லேசான ஈரம் இருக்கலாம், குட்டை மாதிரி நின்னா திரும்ப கழட்டி மாட்டச் சொல்லுங்க, ஏன்னா ஒரு வாரம் பத்து நாள் தேங்கினா கொசு முட்டை போட்டு பறக்குற அளவுக்கு வளர்ந்துடும்.

கேள்வி: புது கட்டர், ஓட்டை இல்ல, அடைப்பும் இல்ல. ஆனா மழை வந்தா சுவத்தோரமாவே வழியுது. ஏன்?

பதில்: தண்ணி கட்டருக்குள்ளயே விழலம்மா, கூரை விளிம்புல ஒட்டிகிட்டு அடிப்பக்கமா திரும்பி கட்டருக்கும் பலகைக்கும் நடுவுல இறங்குது. சாய்வு கம்மியான கூரையில, லேசான தூறல்ல இது நல்லா தெரியும். கூரை ஷீட்டுக்கு அடியில இருந்து கட்டருக்குள்ள இறங்குற மாதிரி ஒரு மடிச்ச தகடு, டிரிப் எட்ஜ்னு சொல்வாங்க, அதை சொருகணும். அந்த ஆளையே கூப்பிட்டு போட வைங்க, இது இல்லாம மாட்டினது அரைகுறை வேலை. அப்படியே விட்டீங்கனா பலகை ஊறும், அப்புறம் ஸ்க்ரூ லூசாகும்.

கேள்வி: ஜாயின்ட்ல ஒழுகுது. சிலிக்கான் அப்பி அப்பி அலுத்துப் போச்சு, ஒவ்வொரு மழைக்கும் பிச்சுகிட்டு வருது.

பதில்: பழசு மேலயே அப்பினா பிச்சுகிட்டுதான் வரும். காய்ஞ்ச நாள்ல பழைய சிலிக்கானை மொத்தமா சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, ஸ்பிரிட்ல துடைச்சு, நல்லா காயவிட்டு, கட்டரோட உள்பக்கத்துல போடுங்க. வெளிய பூசுறது கண்ணுக்குத்தான் அழகு. வினிகர் வாசனை அடிக்குற சிலிக்கான் ஜிஐயை அரிக்கும், தகரத்துக்கு பியூட்டில் இல்ல பாலியூரித்தேன் சீலண்ட் கேட்டு வாங்குங்க. பிவிசி கட்டர்னா சீலண்ட்டே வேண்டாம், உள்ள இருக்குற ரப்பர் வாஷர் கெட்டிருக்கும், அதை மாத்தினா முடிஞ்சுது.

கேள்வி: மேல வலை போட்டா க்ளீன் பண்ணவே வேண்டாம்ங்கறாங்களே, நிஜமா?

பதில்: இல்ல. பெரிய இலையை தடுக்கும், பொடி மண்ணும் பூவும் உள்ள போகும், இல்லனா வலை மேலயே பாய் மாதிரி படிஞ்சு தண்ணி அதைத் தாண்டி வெளிய கொட்டும். பக்கத்துல மரம் இல்லாதவங்களுக்கு வீண் செலவு. மரம் இருந்தா கழட்டி மாட்டுற மாதிரி வலையா வாங்குங்க. ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள திணிக்குறது ஒண்ணு விக்குறாங்க, அதுல மண் ஏறி செடியே முளைக்கும். அந்தக் காசுக்கு டவுன் பைப் வாயில ஒரு கம்பிக் கூடை வெச்சா போதும்.

கேள்வி: வருஷத்துக்கு எத்தனை தடவை சுத்தம் பண்ணணும்? நானே ஏறலாமா?

பதில்: ரெண்டு தடவை, மழைக்காலம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, இலை கொட்டி முடிஞ்சதும் ஒண்ணு. மேல மரக்கிளை இருந்தா இன்னும் அடிக்கடி. கையால அள்ளி வாளியில போடுங்க, ஹோஸ் வெச்சு அடிச்சு தள்ளினா எல்லாம் போய் பைப் எல்போல மாட்டிக்கும். ஏணியை கட்டர் மேல சாத்தாதீங்க, சுவத்துல சாத்துங்க, 4 மீட்டர் உயரத்துக்கு அடி 1 மீட்டர் தள்ளி இருக்கணும், கீழ ஒருத்தர் பிடிச்சுக்கணும். எட்டாத இடத்துக்கு எக்காதீங்க, இறங்கி ஏணியை நகர்த்துங்க. மாடி வீடு, இல்ல பக்கத்துல கரண்ட் கம்பி போகுதுனா ஆளை வெச்சே பாருங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரைனா மேல ஏறவும் கூடாது, பிரஷர் வாட்டர் அடிக்கவும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

கேள்வி: இந்தத் தண்ணியை தொட்டியில பிடிக்கலாமா?

பதில்: தாராளமா. ஆனா முதல்ல வர்ற தண்ணி கூரையில இருக்குற பறவை எச்சம், தூசி எல்லாத்தையும் கழுவிகிட்டு வரும், குறைஞ்சது முதல் ஒரு மில்லிமீட்டர் மழையை வெளிய விட்டுடுங்க, 60 சதுர மீட்டர் கூரைக்கு அது 60 லிட்டர். அதுக்கு டவுன் பைப்ல ஒரு டீ (T வடிவ ஜாயின்ட்) போட்டு கீழ மூடி வெச்ச பைப் துண்டு இறக்கினா அது நிறைஞ்சதும் மிச்சம் தானா தொட்டிக்குப் போகும், மழை விட்டதும் மூடியைத் திறந்து விட மறந்துடாதீங்க. செடிக்கும் கழுவுறதுக்கும் அப்படியே போதும், குடிக்க வடிகட்டி சுத்திகரிக்காம வேண்டாம். தொட்டி நிறைஞ்சு வழியுற பைப்பை அஸ்திவாரத்துல இருந்து ஒன்றரை, ரெண்டு மீட்டராவது தள்ளி விடுங்க, தொட்டி வைக்காதவங்களுக்கும் டவுன் பைப் முடியுற இடத்துல இதே தூரம்தான்.