இருபது நிமிட வானம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகுதான் நான் வீட்டுக் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். ஆறு அங்குல நியூட்டோனியன் (குழிவாடி வைத்த) டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 50 மிமீ லென்ஸும் ஏற்கெனவே இருந்தன. இந்தக் குளிர்காலத்தில் இதுவரை பதினோரு இரவுகள் வெளியே போனேன். எட்டு இரவுகள் மேகம். வானிலைச் செயலி ‘தெளிவான வானம்’ என்று சொன்ன இரவுகளும் அதில் அடக்கம். மீதி மூன்றில் ஒருநாள் லென்ஸில் பனி படிந்தது, ஒருநாள் பேட்டரி பாதியில் செத்தது. உருப்படியாகக் கிடைத்த ஒரே இரவில் எடுத்த படத்திலும் நட்சத்திரங்கள் அரிசிமணி போல நீண்டிருக்கின்றன. பெரிய டெலஸ்கோப்பும், வானத்தைத் தானாகப் பின்தொடரும் மவுண்ட்டும் (தாங்கி) வாங்கினால் சரியாகுமா? இல்லை, கோடை வரும் வரை எல்லாவற்றையும் மூடி வைத்துவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதினொன்றுக்கு மூன்று என்பது மோசமான கணக்கில்லை. அதைவிடக் குறைவாகத் தேறிய குளிர்காலங்கள் எனக்கு உண்டு.

உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் ‘வேண்டாம்’தான். கோடை வரை மூடி வைத்தால் ஓரியன் கைவிட்டுப் போய்விடும். அப்போது அது சூரியனோடு சேர்ந்து பகல் வானத்தில் இருக்கும். (தெற்கு அரைக்கோளத்திலிருந்து படிப்பவர்கள் மன்னிக்கவும். உங்களுக்கு இது கோடை வானம், ஓரியனும் தலைகீழாக நிற்பார்.)

கருவி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு இரவுகளை ‘மேகம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எட்டு இரவும் விடிய விடிய ஓர் ஓட்டைகூட இல்லாத மேகமா? எனக்குச் சந்தேகம்தான். குளிர்காலத்தில் பல இரவுகள் விட்டு விட்டு மூடும், விட்டு விட்டுத் திறக்கும். நீங்கள் வெளியே வந்து, மூடியிருப்பதைப் பார்த்து, சாமான்களைத் தூக்கி உள்ளே வைத்த பிறகு திறந்திருக்கும். எல்லோருக்கும் நடப்பதுதான், வானத்துக்கு உங்கள் மேல் தனிப்பகை ஒன்றும் கிடையாது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது இருபது நிமிட வானம் என்றால், இருபது நிமிடத்தில் வேலை முடிகிற மாதிரி கருவி இருக்க வேண்டும். பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி தடிமனானது. வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்தால் குளிர்ந்து வெளிக்காற்றின் நிலைக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை அதன் மேல் சூடான காற்று நெளிந்துகொண்டே இருக்கும். வியாழன் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரித் தெரியும். மவுண்ட்டை வானத் துருவத்தைப் பார்த்துச் சரியாக நிறுத்தப் பழகாதவருக்கு அரை மணி போய்விடும். முடித்து நிமிர்ந்தால் மேகம்.

மவுண்ட் ஒருநாள் நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள், அது எனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இருக்கிற கேமராவை முக்காலியில் மாட்டுங்கள். நட்சத்திரங்கள் நீண்டதற்குக் காரணம், ஷட்டர் திறந்திருக்கும்போதே பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழன்றுகொண்டிருப்பது. எத்தனை நொடி தாங்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் உள்ள கேமராவில் 50 மிமீ-க்குப் பத்து நொடி. உங்களுடையது சிறிய சென்சார் என்றால் அதை மறுபடி 1.5-ஆல் வகுக்க வேண்டும், ஆறரை நொடி வரும். இதுவும் தாராளமான கணக்குதான், பெரிதாக்கிப் பார்த்தால் நீளம் தெரியும். நான் நாலு நொடிக்கு மேல் போவதில்லை.

நாலு நொடிப் படம் ஒன்றைத் தனியாகப் பார்த்தால் அழுகைதான் வரும். ஓரியனின் வாளில் ஒரு மங்கல் (அதுதான் நெபுலா, வாயுவும் தூசியுமான மேகம்), அதன் மேல் மணல் தூவியது போலப் புள்ளிப் புள்ளியாய் இரைச்சல். அதே மாதிரி இருநூறு எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். நெபுலா எல்லாப் படத்திலும் இருக்கிறது, இரைச்சல் மட்டும் படத்துக்குப் படம் மாறுகிறது. சராசரி எடுக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். எத்தனை படமோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத் தெளிவு கூடும். நூறு படத்துக்குப் பத்து மடங்கு, இருநூறுக்குப் பதினான்கு. இடையில் ஒவ்வொரு நொடி விட்டாலும் இருநூறு படத்துக்குப் பதினேழு நிமிடம் போதும். மேகத்தின் ஒரே ஒரு இடைவெளி! வெவ்வேறு இரவுகளில் எடுத்ததையும் சேர்த்து அடுக்கலாம் என்பதால், நாலு இடைவெளி கிடைத்தால் எண்ணூறு படம். மெல்லிய மேகம் பட்டவற்றைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். இருபது நிமிடத்தில் ஓரியன் ஐந்து பாகை நகரும், சிறிய சென்சார் என்றால் உங்கள் சட்டகத்தின் அகலம் சுமார் 27 பாகை. நடுவில் ஒரு முறை கேமராவைத் திருப்பினால் போதும்.

மேகம் மறுபடி மூடிவிட்டதா? லென்ஸுக்கு மூடியைப் போட்டுவிட்டு அதே நாலு நொடி, அதே ஐஎஸ்ஓ-வில் (ஒளியுணர்வு அளவு) முப்பது படம் எடுங்கள். இதற்கு டார்க் ஃப்ரேம் என்று பெயர். சென்சாரின் சொந்தக் கோளாறுகளைக் கழிக்க இது வேண்டும், அதுவும் அதே குளிரில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆக, மேகத்துக்கும் ஒரு வேலை கொடுத்தாயிற்று.

திறந்ததும் பதறி ஓடாதீர்கள். 1783 டிசம்பர் 31 இரவு, இங்கிலாந்தில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலும் அவர் தங்கை கரோலினும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தரையில் ஓரடிக்கு உருகும் பனி. சில நட்சத்திரங்கள் தலைகாட்டியதும் டெலஸ்கோப்பைத் திருப்ப இருட்டில் ஓடிய கரோலின், அதன் அடியில் இருந்த பெரிய இரும்புக் கொக்கியின் மேல் விழுந்தார். முழங்காலுக்கு மேலே குத்தி நின்ற கொக்கியிலிருந்து அவரைத் தூக்கியபோது ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் சதை அதிலேயே தங்கிவிட்டது. இதை எழுதிவைத்த கரோலின், தனக்கு ஓர் ஆறுதலையும் சொல்லிக்கொள்கிறார்: மீதி இரவு முழுக்க மேகம்தானாம், அதனால் அண்ணனுக்கு நஷ்டமில்லையாம். பிற்பாடு எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தவர் அவர். முக்காலியின் கால்களில் வெள்ளை டேப் சுற்றி வையுங்கள்.

அடுத்தது பனி. ‘பனி கொட்டுகிறது’ என்று சொல்லிச் சொல்லி அது மேலிருந்து விழுவதாகவே நினைத்துவிட்டோம். லென்ஸில் படிவது விழுந்ததல்ல. தெளிந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிராக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அப்புறம் காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் வந்து உட்கார்கிறது. வானம் தெளியத் தெளியப் பனி அதிகமாவது இதனால்தான்.

நான் ஒரு முறை கேமராவைத் தானாக எடுக்க விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சிவப்பு டார்ச்சைச் சாய்த்து அடித்தால், லென்ஸின் முகம் முழுக்கப் பொடிப்பொடியாய் நீர்மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். முதல் அரை மணி கூர்மை. அதன் பிறகு ஒவ்வொரு நட்சத்திரமும் மெல்ல ஊதத் தொடங்கி, கடைசியில் ஓரியனின் தோளில் இருக்கும் திருவாதிரை ஒரு பஞ்சு உருண்டை. அதைவிடப் பெரிய தவறு, அந்த ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்தது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

துடைக்காதீர்கள். படத்தின் மூலைகளை மறைக்காத நீளத்துக்குக் கறுப்பு அட்டையைக் குழலாகச் சுருட்டி முன்னால் மாட்டுங்கள். பவர் பேங்க்கில் ஓடும், லேசாகச் சூடேற்றும் டியூ ஹீட்டர் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுங்கள். பெரிய டெலஸ்கோப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு துளிதான் ஆகும். படிந்த பிறகு போடுவதைவிட முதல் படத்துக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. உங்கள் டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் ஒளிந்திருப்பதால் அவ்வளவு சீக்கிரம் நனையாது. ஃபைண்டரும் (குறிபார்க்கும் சிறு குழல்) ஐபீஸும்தான் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) முதலில் மங்கும். ஐபீஸைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், அதன் மேல் மூச்சு விடாதீர்கள்.

செயலி ஏமாற்றியது பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். மேகமூட்டச் சதவீதத்தைவிட, மேகம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் செயற்கைக்கோள் படத்தை நான் அதிகம் நம்புகிறேன். உயரத்தில் படரும் மெல்லிய பனித்துகள் மேகம் பல செயலிகளின் கணக்கில் வருவதில்லை. நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் அந்த மேகம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்று பழமொழி சொல்வது இதைத்தான். அன்று நெபுலா வேண்டாம், வட்டத்தையே படம் எடுங்கள். மழை விட்ட இரவில் காற்று கழுவி விட்டது போல இருக்கும், ஆனால் நட்சத்திரங்கள் துடிதுடிக்கும். அது கேமராவுக்கு நல்லது, கிரகங்களுக்கு ஆகாது. காற்றசைவே இல்லாமல் லேசாகப் புகைமூட்டம் கட்டும் இரவை எல்லோரும் திட்டுவார்கள். நிலவையும் வியாழனையும் ஆறு அங்குல டெலஸ்கோப்பில் பார்க்க அதைவிட நல்ல இரவு அமைவது அரிது. மூடுபனி பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் தடிக்கும். குளிர்காலத்தில்தான் சீக்கிரமே இருட்டிவிடுகிறதே, முன்னிரவிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

கேமராவே வேண்டாத வேலையும் இருக்கிறது. 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ஓரியனின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியது. நட்சத்திரம் உமிழ்ந்த பொருள் தூசியாகி முன்னால் மறைத்தது என்று பிற்பாடு விளக்கினார்கள். உலகம் முழுக்கப் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் வெறுங்கண்ணால் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை குறிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. திருவாதிரையையும் ரோகிணியையும் ஒப்பிட்டு நீங்களும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அவசரமும் இல்லை. நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன, மாதத்துக்கு இரண்டு மணி நேரம். டிசம்பர் நடுவில் நள்ளிரவில் உச்சிக்கு வரும் ஓரியன் பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்கே வந்துவிடும். இந்தப் பருவம் இன்னும் பாக்கி இருக்கிறது.

சில்லறை விஷயங்கள்: குளிரில் பேட்டரியின் திறன் குறையும். இரண்டாவது பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வெறும் தரையில் நிற்காமல் ஒரு பலகை மேல் நின்றால் கால் விறைக்காது. வெப்பநிலை இறங்க இறங்க ஃபோகஸும் நகரும், ஒவ்வோர் இடைவெளியிலும் சரிபாருங்கள்.

முடிந்ததும் கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால் அது உள்ளும் புறமும் வியர்த்துவிடும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே வைத்து, அறையின் சூட்டுக்கு வரும் வரை பிரிக்காமல் விடுங்கள். பையைக் கட்டுவதற்கு முன் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை மறந்துவிட்டு, மூன்று மணி நேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்